முதல் வருஷத்துத் தண்ணீர்

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம்மா தோட்டத்துக்கு ஒதுக்குவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டபோது சிஸ்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

அந்தப் பெண் பேனாவைத் தாளின் மேல் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் அளவு நாடா, காதில் செருகிய பென்சில், முழங்காலில் ஏதோ வேறு வீட்டுத் தோட்டத்து மண். வந்து இறங்கியதிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்தாள். வேலியின் நீளம், உயரம், தடிமன், குழாயிலிருந்து கடைசி மூலை எத்தனை அடி, மதிய வெயில் எதுவரை வரும் என்று ஒன்றையும் விடவில்லை. சிஸ்டர் மனதுக்குள் அவளுக்கு அளவுகாரி என்று பெயர் வைத்துவிட்டாள். தோட்டங்களைத் திட்டம்போட்டு வரைந்து கொடுப்பது அவள் தொழில். அதிகம் வேலை வைக்காத தோட்டமாக மாற்ற வேண்டும் என்று ஃபோனில் சொன்னபோது, "எல்லாரும் அதத்தாம்மா கேக்கறாங்க" என்று சிரித்தவள், இப்போது சிரிக்கவில்லை.

"ஒரு மணி நேரம்கூட இல்லன்னா அது தோட்டம் இல்லம்மா, ஃபோட்டோ."

"அப்ப அரை மணின்னு போட்டுக்கோ."

"யாரோட அரை மணி?"

சிஸ்டர் வேலியில் இருந்த இடைவெளிக்கு அப்பால் கையைக் காட்டினாள். அங்கே மடக்கு நாற்காலியில் அவள் கணவர் கால்மேல் கால் போட்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். கையில் பென்சில்.

"சாரா? சார் பார்த்துப்பாரா?"

"பார்ப்பார்" என்றாள் சிஸ்டர். "பார்த்துக்க மாட்டார். பார்ப்பார்."

அளவுகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் குறித்துக்கொண்டாள். பிறகு பேனாவை நிறுத்தி, "நீங்க?" என்று கேட்டாள்.

"என்னைச் சேக்காத."

"உடம்புக்கு ஏதாவது…"

"கல்லு மாதிரி இருக்கேன். நீ எழுது."

முப்பத்து மூன்று வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்து, கடைசியில் தலைமைச் செவிலியாக ஓய்வு பெற்றவள் அவள். ஊருக்கே அவள் சிஸ்டர்தான். காய்கறிக்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டு வக்கீல், வக்கீலின் மாமியார் எல்லோருக்கும் சிஸ்டர். "இந்த ஊர்ல எனக்கு மச்சானுங்களுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா ஒருத்தனாவது ஒரு மோதிரம் போட்டானா?" என்று அவள் கணவர் இருபது வருடமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நாளிதழ் ஒன்றில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளைக் கண்டாலும் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் தேடிப் போடுவார். அலுவலகத்தில் அவருக்கு 'ஒற்று' என்றே பெயர். மருந்துச்சீட்டு, திருமண அழைப்பிதழ், மின்சார வாரிய அறிவிப்பு எதுவும் அவர் பென்சிலிடமிருந்து தப்பியதில்லை. மற்றபடி தங்கமான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவும் மாட்டார்.

வீட்டைக் கட்டியவர் கப்பலில் வேலை பார்த்தவராம். எதையும் அறை அறையாகப் பிரிக்காமல் அவரால் யோசிக்க முடியவில்லை போலிருக்கிறது. வீட்டுக்குப் பக்கவாட்டில், கேட்டிலிருந்து பின்கோடி வரை கிடந்த நிலத்தையும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மருதாணி வேலிகளால் நான்கு அறைகளாக்கிவிட்டுப் போயிருந்தார். கூரை மட்டும்தான் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வாசல்கூட வெட்டி வைத்திருந்தார். இவர்கள் வந்த பிறகு பெயர்களும் வந்தன. புல்வெளி இருந்தது வாசலறை. அடுத்தது ரோஜா அறை. பிறகு காய்கறி அறை. கடைசியில் ஒன்றுமே நடாமல் விட்டிருந்ததற்கு மகள் சிறுமியாக இருந்தபோது சும்மா அறை என்று பெயர் வைத்தாள். நாற்காலி இருந்தது அங்கேதான். இருபத்தாறு வருடமாக, வருடத்துக்கு ஐந்து தடவை, சிஸ்டர் ஏணியில் ஏறி நின்று அந்த வேலிகளை வெட்டினாள். ஒரு கோடியில் வெட்டி முடித்து இறங்கும்போது மறு கோடியில் துளிர் விட்டிருக்கும். வார்டில் நாற்பது படுக்கை. வீட்டுக்கு வந்தால் நாலு அறை.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்த வழியனுப்பு விழாவில், "இனி சிஸ்டருக்கு என்ன கவலை, அவங்களும் அவங்க தோட்டமும்தான்" என்று பெரிய டாக்டர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். வண்ணக் காகிதம் சுற்றி ஒரு பரிசு கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் வேலி வெட்டும் கத்தரி. நல்ல கத்தரிதான், எஃகு, பிடியில் ரப்பர். சிஸ்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் தோட்டத்தில் இறங்குவாள். ரோஜாவுக்குப் பாத்தி கொத்த ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டுக் காய்கறிக்குப் போவாள். அங்கே களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே ஏணி ஞாபகம் வரும். ஒரு அறையிலிருந்து வெளியே போனால் வெளி வரவில்லை, இன்னொரு அறைதான் வந்தது. மருத்துவமனையில் தாழ்வாரம் நீண்டுகொண்டே போகும். நடப்பதற்கு ஒரு முடிவு தெரியாது. இங்கே இருபது அடிக்கு ஒரு பச்சைச் சுவர். சில நாள் காரணமே இல்லாமல் பேருந்து நிலையம் வரை நடந்து போய், புறப்படும் வண்டிகளின் பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அப்படி ஒரு நாள் கையில் கத்தரியோடு நிற்கும்போதுதான் பழைய மேட்ரன் ஃபோனில் வந்தாள். ரயிலில் ஒரு பகல் தூரத்தில், கடற்கரை ஊர் ஒன்றில், செவிலியர் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்திருக்கிறாள். வார்டு வேலை கற்றுக்கொடுக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். தங்க இடம் உண்டு. "ஆனா ஒண்ணு சிஸ்டர், மூணாவது மாடி. ஒரே ஒரு ரூம். ரோட்டைப் பார்த்த பால்கனி. மண்ணுங்கற பேச்சே கிடையாது, ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்ல, உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா…" என்று மேட்ரன் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் முடிவதற்குள் சிஸ்டர் சரி என்று சொல்லிவிட்டாள்.

கணவரிடம் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது, அவருக்குப் பல்வலி. இரண்டாம் நாள் காரணம் தேட வேண்டியிருந்தது. பிறகு சொல்லாமலிருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. போகாதே என்று சொல்லிவிடுவார் என்ற பயம் அவளுக்கு இல்லை. போ என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதும் ஒரு பயம்தான், ஆனால் பெரிய பயம் அதுவும் இல்லை. நான் என்ன தப்பு பண்ணினேன் என்று கேட்பார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை.

வார்டில் ஒரு பழக்கம் உண்டு. வேலை நேரம் முடிந்தாலும், அடுத்த ஆளிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி ஒப்படைக்காமல் கிளம்பக்கூடாது. இங்கே ஒப்படைக்க ஆளில்லை. மகள் பிரசவத்துக்காக ஒருமுறை அவள் நாற்பது நாள் போயிருந்தபோது, அவர் தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்; நாற்காலியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த செடிகளுக்கு மட்டும். ஆளை மாற்ற முடியாது, தோட்டத்தை மாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அளவுகாரியைக் கூப்பிட்டது அப்படித்தான்.

மகளிடம் மட்டும் சொன்னாள்.

"அப்பாவை விட்டுட்டா? உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா உனக்கு?"

"நல்லா இருக்குடி. நல்லா இருக்கும்போதே போறேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்புறம் என்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"சொல்லிப் பழகறேன்" என்றாள் சிஸ்டர்.

அளவுகாரி இரண்டாம் முறை வந்தபோது நான்கு அறைகளிலும் மெதுவாக நடந்தபடி தீர்ப்புகளைச் சொல்லிக்கொண்டே போனாள். புல்வெளி வேண்டாம், வெட்டி மாளாது. சரளை பரப்பி நடுவில் எலுமிச்சைப்புல் கூட்டம் கூட்டமாக வைக்கலாம். நாற்பது வகை செடி இருக்கிற இடத்தில் ஆறே வகை போதும். "ஒவ்வொண்ணும் நெருக்கமா, கும்பலா இருந்தா களை எட்டிப் பார்க்கவே இடம் இருக்காதும்மா." மண் தெரியாத அளவுக்கு இலைச்சருகால் மூடாக்கு. அடியில் சொட்டுநீர்க் குழாய். வேலியை மார்பளவுக்குக் குறைத்துவிட்டால் ஏணியே தேவையில்லை, நின்ற வாக்கில் வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டினால் போதும். "மருதாணி எவ்வளவு வெட்டினாலும் தாங்கும்." ரோஜா அறைக்கு வந்ததும் தயங்கினாள். பதினோரு செடி. எல்லாம் பூத்திருந்தன.

"இது போகணும்மா. மருந்து, கவாத்து, உரம்னு இதுதான் உங்க நேரத்துல பாதியைச் சாப்பிடுது. இந்த இடத்துல அரளியும் நித்தியகல்யாணியும் வைக்கலாம். ரெண்டும் யாரையும் எதிர்பார்க்காது."

"எடுத்துடு."

அளவுகாரி நாடாவைச் சுருட்டியபடி அவளைப் பார்த்தாள். "ரோஜாவை எடுக்கணும்னா எல்லாரும் என்கூட ஒரு மாசம் சண்டை போடுவாங்க. நீங்க வீட்டை விக்கப்போறீங்களாம்மா?"

"இல்ல. எடுத்துடு" என்றாள் சிஸ்டர் மறுபடியும். அவள் கண் ரோஜாவில் இல்லை, வேலிக்கு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு விமானத்தில் இருந்தது.

திட்டத்தாள் வந்த அன்று அவள் வீட்டில் இல்லை. பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வரும்போது சும்மா அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த மூன்று பக்கமும். பென்சில் காதுக்குப் போயிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"நல்லா எழுதியிருக்கு அந்தப் பொண்ணு" என்றார். "விஷயம் சுத்தமா இருக்கு. ஒற்றுதான் ஒரு இடத்துலயும் இல்ல. பதினேழு இடம்."

"உங்களுக்கு அதுதானா கண்ணுல படும்?"

"நித்தியகல்யாணின்னு போட்டிருக்கு பார். தினமும் கல்யாணமாம். நமக்கு ஒண்ணே தாங்கல" என்று சிரித்தார். தாள்களை அவளிடம் கொடுத்தபோது ஒரு நொடி அதிகமாகப் பிடித்துக்கொண்டிருந்தது போல அவளுக்குப் பட்டது.

சமையலறைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தாள். வழக்கம்போல் சின்னச் சின்னப் பென்சில் எழுத்தில் க், ச், த், ப். முதல் பக்கத்தின் தலைப்பில் அளவுகாரி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: பராமரிப்பவர் - ஒருவர். அதில் பிழை இல்லை. அதனால் அவர் எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் அவர் தன் தொழிலைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருக்கிறார். பிழை என்று தெரிந்தால் நாமே திருத்திவிடலாம். பிழைதானா என்று தெரியாவிட்டால் திருத்தக்கூடாது, கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது. சிஸ்டர் அடுப்பின் முன்னால் நின்றபடி அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு தாள்களை மடித்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அன்று அவர் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்றார். மழை வராது போலிருக்கிறது என்றார்.

வேலைக்காரர்கள் இரண்டு பேர் இயந்திரக் கத்தரியோடு வந்து, மூன்றே நாளில் வேலிகளை மார்பளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வெட்டிய தழை மலைபோல் குவிந்தது. இருபத்தாறு வருடமாக உள்ளே வெளிச்சம் படாத கிளைகள் எலும்பெலும்பாகத் தெரிந்தன. நான்கு அறைகளும் திடீரென்று ஒரே இடமாகிவிட்டன. அவள் எங்கே நின்றாலும் அவர் தலை தெரிந்தது. அவர் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அவளைப் பார்க்கும்படி ஆயிற்று. இத்தனை வருடம் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலேயே இந்தத் தோட்டத்தில் இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நாற்காலியை மூன்று தடவை இடம் மாற்றினார். கடைசியில் மடக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்.

ரோஜாக்களைத் தோண்டி எடுத்த அன்று மட்டும் வெளியே வந்து நின்றார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, பதினோரு செடியும் வெளியே வரும்வரை நின்றார். 

அவள் கிளம்ப இரண்டரை வாரம் இருக்கும்போது நடவு முடிந்தது. அளவுகாரி கையைக் கழுவிவிட்டு வந்து, குழாயின் தலைப்பில் மாட்டியிருந்த நேரக்கருவியை எப்படித் திருகுவது என்று சிஸ்டருக்குக் காட்டினாள்.

"இது சொட்டுத் தண்ணிக்கு மட்டும்மா. மூலைக்கெல்லாம் எட்டாது, அங்க கையாலதான் ஊத்தணும். மூடாக்கு காத்துல பறக்கும், திரும்ப இழுத்து விடணும். களை இப்ப கொஞ்சம் அதிகமாவே வரும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் வெச்சுக்குங்க."

"ஆறா?" சிஸ்டர் திரும்பினாள். "அரை மணின்னுதானே பேச்சு?"

"அது ரெண்டாவது வருஷத்துலேர்ந்தும்மா. வேர் ஆழமாப் போயிட்டா அப்புறம் நீங்க ஊர்லயே இல்லாட்டியும் பரவால்ல. ஆனா முதல் வருஷம் எந்தச் செடியும் கைக்குழந்தைதான். அரளியாவே இருந்தாலும் முதல் வருஷம் தண்ணி கேக்கும்."

"இத நீ முதல்லயே சொல்லல."

"ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேனேம்மா…" அளவுகாரி குழம்பிப்போய் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவர் எப்போது வந்தாரென்று தெரியவில்லை. பச்சை விளிம்புக்கு மேல் மார்பும் தலையுமாக நின்றுகொண்டிருந்தார். "சார் படிச்சிருப்பாரு. இல்லையா சார்?"

"படிச்சேன்" என்றார் அவர். "முதல் வருஷத்துத் தண்ணீர். அங்கேயும் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. ஆறு மணி நேரம். ஒருவர்."

அளவுகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சூட்டிகையான பெண். நாடாவை எடுத்துக்கொண்டு, வாசலறையில் எதையோ அளக்க வேண்டியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சிஸ்டர் சொன்னாள். மகளிடம் சொல்லிப் பழகிய வாக்கியங்கள் எதுவும் ஞாபகம் வரவில்லை. வார்டில் ஒப்படைக்கும்போது சொல்வதுபோல், ஊர், வேலை, ரயில், தேதி என்று வரிசையாகச் சொன்னாள். அவர் வேலியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். புதிதாக வெட்டிய முனைகள் குத்தியிருக்கும். கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கறத விடு."

"தெரியல" என்றாள். "நிஜமாவே தெரியலங்க."

அவர் தலையாட்டினார். பிறகு அவள் பயந்துகொண்டிருந்த அதே கேள்வியைக் கேட்டார். "நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல."

அவர் அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ஒண்ணும் பண்ணல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அப்ப அதுதானா?"

சிஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அதுவும் கொஞ்சம்" என்றாள்.

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் பார்த்ததில்லை. முதலில் அது கோபம் என்றே அவளுக்குப் புரியவில்லை, ஏதோ தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள்.

"ரோஜாவை எதுக்கு எடுத்த?"

"நீங்க பார்த்துக்க மாட்டீங்கன்னுதான்…"

"கேட்டியா?"

"என்ன?"

"பார்த்துப்பீங்களான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை ஏணியைப் பிடிச்சுக்கோங்கன்னு கேட்டிருக்கியா? நான் எழுந்து வர்றதுக்குள்ள நீயே ஏறிடுவ. வேகம். எல்லாத்துலயும் வேகம். எனக்கு அரை மணி நேரம் போதும்னு முடிவு பண்ணி, அதுக்குத் தகுந்த மாதிரி செடி வாங்கி… நான் என்ன உன் வார்டுல படுத்திருக்கற நோயாளியா சிஸ்டர்?"

அவர் அவளை ஒருநாளும் சிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. ஊரில் அவர் ஒருவர் மட்டும்தான் கூப்பிடாதவர்.

அதன் பிறகு நான்கு நாள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். சொல்லிவிட்டால் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிடும் என்று சிஸ்டர் நினைத்திருந்தாள். நிற்கவில்லை. பெட்டியை எடுத்து வைப்பாள், மறுபடி பிரிப்பாள். சேலையை மடித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வருவாள். அவர் சொன்னதில் பொய் எங்கே என்று தேடினாள். இருந்தது, ஏணியைப் பிடிக்கச் சொல்லி இரண்டு தடவையாவது கேட்டிருப்பாள். ஆனால் மூன்றாவது தடவை கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்டுக் காத்திருப்பதைவிடச் செய்துவிடுவது அவளுக்கு எப்போதும் சுலபமாக இருந்தது. வார்டில் அதற்குத்தான் அவளுக்கு நல்ல பெயர்.

ஐந்தாம் நாள் வாசலில் அளவுகாரியின் வண்டிச் சத்தம் கேட்டது. சிஸ்டர் கூப்பிடவில்லை. அவர்தான் கூப்பிட்டிருந்தார். ஜன்னலிலிருந்து பார்த்தால் இப்போது எல்லாம் தெரிந்தது. சும்மா அறையில் அவர் கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்ல, அளவுகாரி தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் படியிறங்கிப் போனாள்.

"சார், ரோஜாவையே திரும்ப வைக்கறதுன்னா அப்புறம் என் திட்டத்துக்கு அர்த்தமே இல்ல. அது தினமும் ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கும்."

"கேக்கட்டும்" என்றார் அவர். "யாராவது என்கிட்ட ஏதாவது கேக்கட்டும்."

அளவுகாரி திட்டத்தாளை மறுபடி விரித்தாள். பிறகு குனிந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு மூலையை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

தோண்டிய பதினொன்றில் ஆறைத்தான் காப்பாற்ற முடிந்தது. வேலைக்காரர்கள் தழைக் குவியலோடு போட்டுவிட்டுப் போனதை, அன்று மாலையே அவர் பொறுக்கி ஈரச்சாக்கில் சுற்றிக் குளியலறைக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறார். அவரே குழி தோண்டினார். மண்வெட்டியைப் பிடித்த விதமே தப்பு. இரண்டு கையும் ஒரே இடத்தில். மூன்றாவது குழி தோண்டி முடிப்பதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை பரபரத்தது. நான்காவது செடியை அவர் கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கியபோது அவளால் முடியவில்லை.

"ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள்ள போகக்கூடாது."

"தெரியும்" என்றார் நிமிராமல். "அந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்திருக்கு." செடியை மேலே தூக்கிச் சரிசெய்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் வேண்டியதும் அதுதான், ஆனாலும் சுருக்கென்றது. உள்ளே போய்ப் பெட்டியை மூன்றாவது தடவையாக அடுக்கினாள். பரிசாகக் கொடுத்த கத்தரியை எடுத்து வந்து வேலியின் மேல் வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது அது அங்கே இல்லை.

அந்தக் கடைசி வாரத்தில் அவருக்கு உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவரே கையை நீட்டினார். அவள் மருந்து போட்டுக் கட்டினாள். "இறுக்காத. காலைல தண்ணி ஊத்தணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கட்டுப் போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கை அவள் மடியிலேயே இருந்தது.

கிளம்புகிற அன்று காலை வண்டியை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். ஏழரைக்கே வந்துவிட்டது. அவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "நான் கேட் வரைக்கும் வரல" என்றார். "வந்தா ஏதாவது சொல்லிடுவேன். நீ இறங்கினதும் ஒரு ஃபோன் போடு." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார்.

சிஸ்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். சரளையில் சக்கரம் உருளவில்லை. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஓட்டுநர் வந்து வாங்கி வண்டியில் வைத்தார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று அறைகளுக்கும் அப்பால், கடைசி அறையில், அவருடைய தோளும் தலையும் வெயிலில் போய்க்கொண்டிருந்தன. இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக. கையில் குழாய் இருந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் நின்றார். எதையோ உற்றுப் பார்த்தார். குனிந்தார்.

வேலிகளின் மேல்விளிம்பு ஒன்றன் பின் ஒன்றாக மட்டமாக நீண்டிருந்தது. அதற்கு மேல் ஆளில்லை. சிஸ்டர் அந்தத் தலை நிமிர்வதற்காகக் காத்திருந்தாள்.

"அம்மா, ரயிலுக்கு நேரமாகுது" என்றார் ஓட்டுநர்.

"ஒரு நிமிஷம்" என்றாள்.

அடியில் எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீர் மண்ணில் விழுந்துகொண்டிருந்த சத்தம் மட்டும் அங்கிருந்து கேட்டது.